கஸ்தூரி எலி

காலை ஏழு மணி.
கரைக்கு அந்தப் பக்கம் ஏரி.
நின்றால் என் மார்பளவு,
படுத்தால் தலைக்கு மேலே.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
டூவெ தெர்மாஸைத் திறக்கிறான்.
நான் தொடைவரை ஏறும் பூட்ஸை இழுத்து மாட்டுகிறேன்.

முன்பு அது கடல். வாயைக் கட்டி
ஏரி என்று பெயர் மாற்றினார்கள்.
காற்றுக்கு இன்னும் பழைய பெயர்தான் ஞாபகம்.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்,
தண்ணீரை எப்படித் தடுத்து வைத்திருக்கிறீர்கள்?
வீடு உயர இரும்புக் கதவுகளை எதிர்பார்ப்பார்கள்.
அவையும் உண்டு, தெற்கே. படம் எடுத்துக்கொள்ளலாம்.
இங்கே, ஃபிரீஸ்லாந்தில்,
களிமண், புல்,
மேய்ந்தபடியே குளம்பால் மண்ணை இறுக்கும் ஆடுகள்,
இரவெல்லாம் உறுமும் நீரேற்று நிலையம்,
தவறாமல் வரும் நீர்வரிச் சீட்டு,
அப்புறம் நான்,
எலி பிடிப்பவள்.

கஸ்தூரி எலிக்கு இது பிறந்த ஊர் அல்ல.
தோலுக்காக யாரோ ஒரு சீமான்
கடல் கடந்து கொண்டுவந்தாராம்.
கோட்டுகளுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகமாக
அவை குட்டி போட்டன.
கரையை உள்ளே குடைந்துகொண்டே போகும்.
மேலே புல் பச்சையாகவே இருக்கும்.
ஆடு மேயும். சைக்கிள் போகும்.
ஒருநாள் டிராக்டரின் பின்சக்கரம் இறங்கும்போதுதான் தெரியும்,
கரை என்று நம்பியது
வெறும் கூரை என்று.

கோலால் குத்திப் பார்க்கிறேன்.
மண். மண். மண்.
பிறகு கோல் தானாக வழுக்கி உள்ளே போகும்.
இருட்டில் இல்லாத படிக்குக் கால் வைத்ததுபோல
வயிற்றில் ஒரு வெறுமை.
பதினெட்டு வருஷமாகியும் பழகவில்லை.

வளையின் அமைப்பு இது:
வாசல் நீருக்கு அடியில்.
அங்கிருந்து மேலேறும் ஒரு வழி.
நீர் எட்டாத உயரத்தில்
காய்ந்த நாணல் விரித்த அறை.

எங்கள் வீட்டின் அமைப்பு:
ஊருக்கு வாசல் கரைமேல்தான், நீருக்கு மேலே.
அங்கிருந்து கீழிறங்கும் ஒரு வழி.
நீர் நிற்கவேண்டிய ஆழத்தில்
என் கட்டில், மகளின் பியானோ, உருளைக்கிழங்குக் கூடை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும்.
இரண்டு பேரும் அதைத்தான் சொல்கிறோம்,
ஒரே மண்ணுக்குள்ளிருந்து.

இறைக்கிறோம்.
இறைத்த நிலம் வற்றிச் சுருங்கித் தாழ்கிறது.
தாழ்ந்ததால் இன்னும் இறைக்கிறோம்.
டூவெ இதை வட்டி என்பான்.
அசலை யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் மேற்குக் காற்று எழும்பிய இரவு
கரைக்காவலுக்குக் கூப்பிட்டார்கள்.
ஜெர்மன் டீச்சர், ரொட்டிக்கடை சீட்ஸெ,
அலெப்போவிலிருந்து வந்து இன்னும் வேலை கிடைக்காத பல்மருத்துவர்.
ஆளுக்கு ஒரு டார்ச், ஆளுக்கு ஐநூறு மீட்டர்.
கசிவது தெளிந்த நீர் என்றால் நின்று பார்.
கலங்கிய நீர் என்றால் கத்து.

முன்னூறு சொச்சம் நடந்திருப்பேன்.
வெளிச்சத்தில் இரண்டு கண்கள்.
கரையின் உச்சியில்,
யாரோ தவறவிட்ட நனைந்த தொப்பிபோல,
ஒரு கஸ்தூரி எலி.
அதன் அறைக்குள் ஏரி ஏறியிருக்க வேண்டும்.

கையில் கோல் இருந்தது. ஒரு அடி போதும்.
அது என்னைப் பார்க்கவில்லை,
தண்ணீரைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.

வீட்ஸ்கெ, கசிவு உண்டா?
வாக்கி டாக்கி கரகரத்தது.
இல்லை என்றேன்.
வேறு ஏதாவது?
இல்லை என்றேன்.

விடியும்போது காற்று தளர்ந்தது. கரை நின்றது.
பல்மருத்துவர் எல்லோருக்கும் ஏலக்காய் காபி ஊற்றினார்.

திங்கள்கிழமை, காலை ஏழு மணி.
அதே இடத்தில் கோலை ஊன்றினேன்.
மண். மண்.
மூன்றாவது குத்தில் வழுக்கியது.
பொறி வைத்தேன்.
புதன்கிழமை பதிவேட்டில், எண்ணிக்கை என்ற கட்டத்தில்,
ஒன்று என்று எழுதினேன்.
வளைக்குள் களிமண்ணைத் திணித்து
குதிகாலால் மிதித்தேன்,
பக்கத்தில் நின்ற ஆடு
மிதிப்பதைப் போலவே.